பியூன் புத்தகமும் லினக்ஸும்

1996-ஆம் வருடம் என்று நினைவு. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மதியம் முழுவதும் இரண்டு பேர் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். நாலரை மணிக்குக் கரண்ட் போயிற்று. மேஜைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ். பெட்டி இரண்டு நிமிடம் கத்திவிட்டு அடங்கியது. மறுநாள் காலையில் மெஷினைப் போட்டார்கள். எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு அம்மாள் வந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்தவர். விதவைப் பென்ஷனுக்கு அவருடைய பிறப்புப் பத்திரம் வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தார். அதே பதில். மூன்றாம் தடவை அவர் என் மேஜைக்கு எதிரில் நின்று கண் கலங்கியபோது, நான் எழுந்து போய்ப் பதிவேட்டையே எடுத்துப் புரட்டினேன். பெயர் இருந்தது. மை கூட மங்கவில்லை. கரண்ட் போன அந்த மதியம் டைப் அடித்த நாற்பது சொச்சம் பெயர்களும்தான் மெஷினில் இல்லை.

எத்தா சிவில் காகிதம் ஒன்று இல்லாவிட்டால் ஒரு குடும்பம் என்ன பாடு படும் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் முன்பு, பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதிது வைக்க ஒரு இளைஞர் வந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

“தம்பி, இது எந்தக் கம்பெனியோடது?” என்று கேட்டேன்.

“கம்பெனியோடது இல்லை சார். லினக்ஸ். பல நாட்டுக்காரங்க சேர்ந்து எழுதினது. இலவசமாவே கிடைக்குது.”

“நாளைக்குப் பதிவு காணாமப் போனா யாரைப் போய்க் கேட்கிறது?”

அவர் சிரித்தார். “யாரையும் கேட்க முடியாது சார். ஆனா எப்படிக் காணாமப் போச்சுன்னு திறந்து பார்க்கலாம்.”

இந்தப் பதில் எனக்கு அன்றைக்குத் திருப்தி தரவில்லை. ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். புரியாத இடங்களைத் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டேட்டாபேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் தரவுத்தளம் என்கிறார்கள். நமக்குத் தெரிந்த பதிவேடுதான். கட்டம் போட்ட பக்கங்கள், வரிசை எண், பெயர், தேதி. 1970-ல் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் என்பவர், எல்லா விவரங்களையும் இப்படிக் கட்டம் கட்டமான அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதை வைத்துத்தான் பிறகு ஆரக்கிள் முதலான பெரிய டேட்டாபேஸ்கள் எல்லாம் வந்தன.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் கணக்குப் பதிவு சொல்லிக்கொடுத்த முசியே மூன்று புத்தகங்களைப் பற்றிச் சொல்வார். முதலாவது புருயார். அந்தச் சொல்லுக்கு மூடுபனி என்றும் பொருள். நடப்பதை நடந்த உடனே அவசரமாகக் குறித்து வைக்கும் நோட்டு அது, நம் கடைத்தெருச் சிட்டை மாதிரி. இரண்டாவது ழுர்னால், தேதிவாரியாக எழுதுவது. மூன்றாவது கிரான் லீவ்ர், அதாவது பேரேடு. 1807-ல் வந்த பிரெஞ்சு வணிகச் சட்டப்படி ழுர்னாலின் ஒவ்வொரு பக்கத்திலும் எண் போட்டு, அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

டேட்டாபேஸும் இதையேதான் செய்கிறது. ஒரு பதிவு வந்தால் நேரே பேரேட்டில் எழுதாது. முதலில் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளும். பேரேட்டில் பிறகு நிதானமாக ஏற்றும். நடுவில் கரண்ட் போனால், மெஷின் திரும்ப எழுந்ததும் குறிப்பேட்டைப் படித்து, விட்டுப்போனதை ஏற்றிக்கொள்ளும். எங்கள் அலுவலகத்து ஆரம்பகால மென்பொருளில் இந்த ஏற்பாடு கிடையாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டேட்டாபேஸ் தன் கையால் தட்டில் எழுதுவதில்லை. எழுதுகிற வேலை இயங்குதளத்துடையது. டேட்டாபேஸைக் கிளார்க் என்று வைத்துக்கொண்டால் இயங்குதளம் பியூன். கிளார்க் கடிதத்தைக் கொடுக்கிறார். பியூன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு “ஆச்சு சார்” என்கிறார். கடிதம் போய்ச் சேர்ந்ததா, பையிலேயே இருக்கிறதா என்று கிளார்க்குக்குத் தெரியாது. இதற்காகத்தான் நாம் பியூன் புத்தகம் வைத்திருந்தோம். வாங்கியவர் கையெழுத்து அதில் இருந்தால்தான் கடிதம் சேர்ந்தது என்று அர்த்தம். கம்ப்யூட்டரிலும் அதற்கு ஒரு கட்டளை உண்டு. எஃப்-சிங்க் என்று பெயர். பையில் இருப்பதை உண்மையிலேயே தட்டில் சேர்த்துவிட்டு வந்து சொல் என்று அர்த்தம். ஒரு வங்கியின் கணக்கும், ஒரு விதவையின் பென்ஷனும் கடைசியில் இந்த ஒரு பதிலை நம்பித்தான் நிற்கின்றன.

ஆகவே பெரிய நிறுவனங்கள் பியூனை மிகவும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தன. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ், பின்னாளில் கம்பெனிக்கு ஒரு வகையாகப் பிரிந்தது. சன் கம்பெனிக்கு சோலாரிஸ், ஐ.பி.எம்.முக்கு ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி.க்கு எச்.பி.-யூ.எக்ஸ். அந்தந்த இயங்குதளம் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் இயந்திரத்தோடுதான் வரும். அதன்மேல் ஆரக்கிள், இன்ஃபர்மிக்ஸ், சைபேஸ் போன்ற டேட்டாபேஸைத் தனியாக விலைக்கு வாங்க வேண்டும். ஒருமுறை ஒரு கம்பெனியிடம் போனால் பிறகு வெளியே வருவது கடினம். விலையும் அவர்கள் சொன்னதுதான்.

இந்த உலகத்துக்குள் ஒரு மாணவர் நுழைந்தார். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது வயது 21. 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். பெரிதாக ஒன்றும் வராது என்றும் அவரே சொல்லிக்கொண்டார். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே, 1983-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற வகை மென்பொருளுக்காக ஒரு இயக்கம் தொடங்கியிருந்தார். அவர் எழுதிய உரிமத்தின் கீழ் டோர்வால்ட்ஸ் 1992-ல் லினக்ஸைக் கொண்டுவந்தார். அந்த உரிமத்திலேயே, இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அந்த இளைஞர் சிரித்துக்கொண்டு சொன்னது பொய்யில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். டோர்வால்ட்ஸின் தாய்மொழி பின்னிஷ் இல்லை, சுவீடிஷ். பின்லாந்தில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் அந்த மொழிக்காரர்கள். 1995-ல் மை-எஸ்க்யூஎல் என்ற திறந்த மூல டேட்டாபேஸை வெளியிட்டவர்களில் முக்கியமானவர் மைக்கேல் விடேனியஸ். அவரும் அதே சிறுபான்மையைச் சேர்ந்த ஹெல்சின்கிக்காரர். மை என்பது அவர் மகளின் பெயர். ஊருக்குள் வேறு மொழியில் படித்து வளர்ந்த என் போன்றவனுக்கு இதைப் படித்தபோது ஒரு தனிச் சந்தோஷம்.

1998 பிப்ரவரியில்தான் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. அதே வருடம் ஜூலையில் இன்ஃபர்மிக்ஸும் ஆரக்கிளும் தங்கள் டேட்டாபேஸை லினக்ஸில் ஓடும்படி செய்யப்போவதாக அடுத்தடுத்து அறிவித்தன. வருடம் முடிவதற்குள் ஆரக்கிள் கைக்கு வந்துவிட்டது. ஐ.பி.எம்.மின் டிபி2-வும் பின்னாலேயே வந்தது. கம்பெனிகள் சம்மதிக்கும் முன்பே சில கெட்டிக்காரர்கள், வேறொரு யூனிக்ஸுக்காகச் செய்யப்பட்ட ஆரக்கிளை லினக்ஸ் மேல் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலிடத்து உத்தரவு வருவதற்கு முன்பே கீழே வேலை நடந்துவிடுவது நம் அலுவலகங்களில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அறிவிப்பு வந்ததே தவிர நம்பிக்கை வரவில்லை. காரணமும் இருந்தது. அன்றைய லினக்ஸில் சாதாரண 32 பிட் இயந்திரத்தில் ஒரு கோப்பு 2 ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. பதிவேடு இத்தனை பக்கத்துக்கு மேல் தடிமனாகக் கூடாது என்பது மாதிரி. பெரிய பேரேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அதைவிட மோசம், கரண்ட் போனால் நடப்பது. அப்போது லினக்ஸில் கோப்புகளை வைத்துக் காத்த ஏற்பாட்டுக்கு ஈ.எக்ஸ்.டி.2 என்று பெயர். அதை எழுதியவர்களில் முதன்மையானவர் ரெமி கார் என்ற பிரெஞ்சுக்காரர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெஷின் திடீரென்று நின்றுவிட்டால், மறுபடி கிளம்பும்போது தட்டு முழுவதையும் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை சரிபார்த்தாக வேண்டும். பெரிய தட்டுகளில் இது மணிக்கணக்கில் ஆகும். அதுவரை வங்கிக் கவுண்டரில் கூட்டம் நிற்கும்.

இதற்கு மருந்து 2001-ல் வந்தது. அந்த வருட ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் பெரிய கோப்புகளுக்கும் பெரிய நினைவகத்துக்கும் வழி பிறந்தது. நவம்பரில் ஸ்டீபன் ட்வீடி எழுதிய ஈ.எக்ஸ்.டி.3 அதில் சேர்ந்தது. அவர் செய்தது என்ன? கோப்பு ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு குறிப்பேட்டை வைத்தார். மாற்றத்தை முதலில் அதில் எழுது, பிறகு உரிய இடத்தில் எழுது. கரண்ட் போனால் அந்தக் குறிப்பேட்டை மட்டும் படித்தால் போதும், சில நொடிகளில் வேலை முடிந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜர்னல். எங்கள் முசியேவின் ழுர்னால் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குறைகள் தீர்ந்தாலும் பழைய கேள்வி நின்றது. கையெழுத்துப் போடுவது யார்? ஒரு வங்கி மேனேஜருக்கு இரவு இரண்டு மணிக்குப் போன் செய்ய ஒரு நம்பர் வேண்டும். 2001-ல் லினக்ஸுக்காக ஐ.பி.எம். நூறு கோடி டாலர் ஒதுக்கியது. 2002-ல் ரெட் ஹாட் கம்பெனி, அடிக்கடி மாறாத, பல வருடங்கள் பராமரிக்கப்படும் ஒரு பதிப்பை நிறுவனங்களுக்கென்றே கொண்டுவந்தது. ஆரக்கிள் முதலானவர்கள் அதைச் சோதித்து, இதன்மேல் எங்கள் டேட்டாபேஸை ஓட்டலாம், ஏதாவது ஆனால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். லினக்ஸ் இலவசம், கையெழுத்துக்குத்தான் காசு. அந்த உடன்பாட்டுக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தன. 2006-ல் ஆரக்கிள், ரெட் ஹாட்டின் அதே மூல நிரலை எடுத்துத் தானும் ஒரு லினக்ஸ் வெளியிட்டது. உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

2001-ல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசியவர் மைக்ரோசாஃப்ட்டின் தலைவர். அதே மைக்ரோசாஃப்ட் 2017-ல் தன் சொந்த டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரை லினக்ஸில் ஓடும்படி வெளியிட்டது. அரசாங்கங்களும் வந்து சேர்ந்தன. 2012-ல் பிரெஞ்சுப் பிரதமர் ஜான்-மார்க் எரோ, நிர்வாகத்தில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவது பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 2015-ல் நம் மத்திய அரசும் திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு கொள்கை வகுத்தது.

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது 2018-ல் நடந்தது.

போஸ்ட்கிரெஸ் என்று ஒரு டேட்டாபேஸ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் பெரிய நிறுவனங்களில் லினக்ஸ் மேல் ஓடுகிறது. ஓர் இடத்தில் தட்டுக் கோளாறினால் பதிவுகள் கெட்டுப்போனதைத் துருவிக்கொண்டு போனவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பியூன் கடிதத்தைக் கொண்டுசேர்க்க முடியாமல் போனால், அதை ஒரே ஒரு தடவைதான் சொல்வாராம். கிளார்க், சரி, மறுபடி முயற்சி செய் என்று அனுப்பினால், இரண்டாம் தடவை திரும்பி வந்து எல்லாம் சேர்ந்துவிட்டது என்பாராம். முதல் தடவை சேராத கடிதத்தை அவர் பையிலிருந்து வேண்டியதில்லை என்று கணக்கிலிருந்தே எடுத்துவிட்டிருப்பார். கிளார்க்கோ மறுமுயற்சியில் போய்ச் சேர்ந்தது என்று நம்பி, குறிப்பேட்டைக் கிழித்துவிடுவார். சுமார் இருபது வருடங்களாக இப்படி இருந்திருக்கிறது. தட்டு கெட்டால்தான் இது நேரும் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? போஸ்ட்கிரெஸ்காரர்களும் லினக்ஸ்காரர்களும் எல்லாரும் படிக்கும்படி வெளிப்படையாக விவாதித்தார்கள். தப்பு யார் பக்கம் என்று கொஞ்சம் சண்டையும் நடந்தது. 2019 பிப்ரவரியில் திருத்தம் வந்தது. அந்தக் கட்டளைக்கு ஒருமுறை தோல்வி என்று பதில் வந்தாலே, போஸ்ட்கிரெஸ் இனி அடுத்த பதிலை நம்பாது. உடனே வேலையை நிறுத்திவிட்டு, குறிப்பேட்டை முதலிலிருந்து படித்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு அந்த இளைஞரின் பதில் ஞாபகம் வந்தது. எங்கள் அலுவலகத்து நாற்பது பெயர்கள் போன விஷயத்தில், மென்பொருளைக் கொடுத்தவர்கள் கடைசி வரை ஒரு காரணமும் சொல்லவில்லை. கரண்ட் போனதால் என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். அதைத் திறந்து பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. 2018-ல் நடந்த தப்பு எங்களுடையதைவிடப் பெரியது. இருந்தும் அதன் காரணம், வாக்குவாதம், திருத்தம் எல்லாம் இன்றைக்கும் யாரும் படிக்கும்படி கிடக்கிறது.

திறந்த மூலம் என்றால் எல்லாம் நன்மை என்றும் எண்ண வேண்டாம். ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு 2019-ல் ஐ.பி.எம். வாங்கிக்கொண்டது. அதன் இலவச நகலாக சென்ட் ஓஎஸ் என்று ஒன்று இருந்தது. காசில்லாத அலுவலகங்களும் கல்லூரிகளும் அதைத்தான் நம்பியிருந்தன. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்றிருந்ததை, 2021-லேயே நிறுத்திவிடுவோம் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். பலர் தவித்துப்போனார்கள். ஆனால் மூல நிரல் திறந்திருந்ததால், அடுத்த வருடத்துக்குள்ளேயே அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு நகல்கள் பிறந்துவிட்டன. மூடிய மென்பொருளாக இருந்தால் சொன்ன விலையைக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேறு வழி தேடி அலைந்திருக்க வேண்டும்.

கடைசியாக, நகல்களைப் பற்றி. எந்தப் பியூனும் எந்தக் கிளார்க்கும் தீயை நிறுத்த முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி எத்தா சிவில் பதிவேடு இரண்டு பிரதிகள் எழுதப்பட வேண்டும். ஒன்று மேரியில், இன்னொன்று நீதிமன்றத்தில். பாரிஸ் நகரத்திலும் அப்படித்தான் இருந்தது. 1871 மே மாதம் கம்யூன் கலவரத்தின் இறுதி நாட்களில் நகர மன்றமும் எரிந்தது, நீதிமன்ற மாளிகையும் எரிந்தது. 1860-க்கு முந்தைய பாரிஸ்வாசிகளின் பிறப்பும் இறப்பும் இரண்டு இடத்திலும் சாம்பல். பிறகு சர்ச்சுகளிலும் குடும்பங்களிலும் தேடி எழுதி, சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது. நம் புதுச்சேரி மாதிரிக் காலனிகளுக்கோ 1776-லேயே ஓர் அரசாணை வந்திருந்தது. கூடுதலாக ஒரு பிரதியைக் கப்பலில் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. அந்தப் பிரதிகள் இன்றும் எக்ஸான்புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தலைநகரத்தில் எரிந்துபோனது, காலனியில் பிழைத்துக்கொண்டது.

இன்றைய டேட்டாபேஸ்களும் இதையே செய்கின்றன. ஓர் ஊரில் எழுதும் குறிப்பேட்டை அப்போதைக்கப்போது வேறு ஊரில் இருக்கும் இன்னொரு மெஷினுக்கு அனுப்பி, அங்கேயும் ஒரு பேரேடு வளர்க்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2010-ல் வந்தது. இரண்டாவது பிரதி இரண்டாவது ஊரில் இருந்தால்தான் பிரதி.

அந்த அம்மாளுக்குப் பத்திரம் கிடைத்தது. பென்ஷனும் வந்தது என்று பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். விட்டுப்போன பெயர்களை நானும் இன்னொருவரும் மறுபடி ஏற்றினோம். இந்த முறை மாலையில் பதிவேட்டையும் மெஷினையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிறப்பு, திருமணக் காகிதங்களின் நகல் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். வாங்கிக்கொண்டேன் என்று அவர்களிடமிருந்து ஒரு வரி எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.